குடும்பக் கதை மெய்தானா: உறுதிப் பெட்டியா, பதிவேடா, கல்வெட்டா, மரபணுவா?

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் உறவினர்கள் அண்மைய ஆண்டுகளில் என்னிடம் ஏறத்தாழ ஒரே வகையான கேள்விகளையே கேட்கிறார்கள். எங்கள் பூட்டனார் உடையாராக (அக்கால ஊர் அதிகாரியாக) இருந்தவராம், அது மெய்தானா? அப்புவின் காணியை ஒற்றிக்கு எடுத்தவன் ஏமாற்றி எழுதுவித்தான் என்று ஆச்சி சொல்லுவா, அதை எங்கே பார்க்கலாம்? நாங்கள் சோழ நாட்டிலிருந்து வந்த குடியாம், அதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா? கேள்வியோடு ஒரு தடுமாற்றமும் சேர்ந்தே வருகிறது. அவர்களுக்கு இருப்பது மூன்று கிழமை விடுமுறையும் இதற்கென ஒதுக்கிய கொஞ்சப் பணமும்தான். அவற்றை மரபணுச் சோதனையில் போடுவதா, காணிப் பதிவகத்துக்கு அலைவதா, கொழும்புக்குப் போய்ச் சுவடி பார்ப்பதா, அல்லது எண்பது தாண்டிய பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து அவ சொல்வதை ஒலிப்பதிவு செய்வதா என்பதுதான் அந்தத் தடுமாற்றம்.

நான் காணிப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் பிரசித்த நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்தவன். ஆகையால் என் சாய்வு காணி உறுதிகளின், அதாவது அந்தப் பத்திரங்களின், பக்கம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உறுதி எந்தக் கதைக்கு உதவாது என்பதையும் அந்தக் கந்தோரிலேதான் கற்றேன்.

## எதைக் கொண்டு அளப்பது

குடும்பக் கதை வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் பல கூற்றுகள் அடங்கியிருக்கும். "பூட்டனார் மலாயாவிலே ஸ்டேசன் மாஸ்டராக இருந்து, பென்சனோடு வந்து, இந்தக் கல்வீட்டைக் கட்டினவர்" என்பதில் நான்கு கூற்றுகள் உண்டு: அவர் மலாயா போனது, அவர் பார்த்த உத்தியோகம், ஓய்வூதியம், வீடு அந்தப் பணத்தில் எழுந்தது. நான்கிற்கும் சாட்சி நான்கு இடங்களில் இருக்கும். முதல் இரண்டும் மெய்யாகி மூன்றாவது பொய்யாகவும் கூடும். கதையை இவ்வாறு பிரித்து எழுதிய பின்னரே எந்த வழி நல்லது என்ற கேள்விக்குப் பொருள் வரும்.

அடுத்து, ஒவ்வொரு வழியிடமும் நான்கு விடயங்களைக் கேட்க வேண்டும். அது எந்தக் காலம் வரை பின்னே செல்லும்? அதை எழுதியவருக்கு அதில் என்ன நலன் இருந்தது? பணமாகவும் நாளாகவும் மன உளைச்சலாகவும் அது என்ன விலை கேட்கும்? வெளிவரும் விடையை யார் சுமக்க வேண்டி வரும்? இவற்றுள் இரண்டாவதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். தன் வமிசத்தைப் பற்றி எழுத உட்கார்ந்த ஒருவர் எழுதியதைவிட, வேறொரு காரியத்துக்காக எழுதும்போது தற்செயலாக ஒரு பெயரையும் உறவுமுறையையும் குறித்துவைத்தவரின் சொல் பெரும்பாலும் நம்பத் தக்கது.

| வழி | எவ்வளவு பின்னே செல்லும் | எதற்கு உகந்தது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| மூத்தோர் வாய்மொழி | மூன்று, நான்கு தலைமுறை | பட்டப்பெயர், உறவுமுறை, பிணக்கு | காலம் கடந்தால் கிடையாது |
| காணி உறுதி, வழக்கு ஏடு | பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி | உறவு, சீதனம், இழந்த காணி | உறவினரின் சந்தேகம் |
| பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு | 1867 | பெற்றோர் பெயர், திகதி | பிழையான வயது, பதியப்படாத கலியாணம் |
| திருச்சபைப் பதிவு, ஒல்லாந்தர் ஆவணம் | 17, 18, 19ஆம் நூற்றாண்டுகள் | மதமாற்றம், பெயர்மாற்றம், பதவி | பழைய டச்சு மொழி, கொழும்புப் பயணம் |
| கல்வெட்டு (இறந்தவருக்கு அச்சிடும் நினைவு நூல்), பழைய பத்திரிகை | 1841 முதல் அங்கொன்றும் இங்கொன்றுமாக | உத்தியோகம், இறந்த நாள் | புகழ்ச்சியும் விடுபாடும் |
| மரபணுச் சோதனை | துல்லியமாக மூன்று, நான்கு தலைமுறை | பிரிந்துபோன நெருங்கிய உறவு | திருப்பி எடுக்க முடியாத உண்மை |

## மூத்தோர் வாய்மொழி

இதை ஒரு தெரிவாக வைத்துப் பேசுவதே ஒருவகையில் தவறு. மற்ற ஐந்தும் அடுத்த வருடமும் இருக்கும். பெரியம்மா இருப்பா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகையால் எதைத் தெரிவுசெய்தாலும் முதல் இரண்டு நாள்களை இதற்கு விடுங்கள்.

கேட்கும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். கதையைச் சொல்லும்படி கேட்டால், ஐம்பது தடவை சொல்லி மெருகேறிய கதையே திரும்ப வரும். அதற்குப் பதிலாகக் கதைக்கு வெளியே உள்ளவற்றைக் கேளுங்கள்: எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள், பூட்டியின் செத்தவீட்டுக்கு யார் வரவில்லை, கலியாணத்தில் தோழனாக நின்றவர் யார். இரண்டு முதியவர்களை ஒரே விறாந்தையில் இருத்திக் கேட்பதைக் காட்டிலும் தனித்தனியே கேட்டு ஒப்பிடுவது நல்லது. ஒன்றாக இருந்தால் குரல் பெரியவரின் கதையே வெல்லும்.

உறவுச் சொற்களை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் பேரன் என்றால் தாத்தா, பேத்தி என்றால் பாட்டி. தமிழகத்து வழக்கிலோ வெளிநாட்டில் கற்ற தமிழிலோ அது பேரப்பிள்ளையைக் குறிக்கும். ஒலிப்பதிவைப் பின்னர் எழுத்தில் இறக்கும் பிள்ளைகள் இந்த ஒரு சொல்லால் இரண்டு தலைமுறையைத் தலைகீழாக்கியதை நான் கண்டிருக்கிறேன்.

## உறுதிப் பெட்டி

எங்கள் வீடுகளில் தகரப் பெட்டி ஒன்று இருக்கும். 1995 ஐப்பசி இடப்பெயர்வில் சமையற் பாத்திரங்களை விட்டுப் போனவர்களும் அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்கள். அதற்குள் நாலாய் மடித்த காணி உறுதிகள் கிடக்கும். குடும்பத்தார் அவற்றைக் காணிக்கான சான்றாக மட்டுமே பார்க்கிறார்கள். உண்மையில் யாழ்ப்பாணத்துக் குடும்ப வரலாற்றுக்கு அவற்றைவிட நெருக்கமான எழுத்துச் சாட்சி வேறில்லை.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் நடக்க வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமையோ தேசவழமையின் கீழ் வருகிறது. 1707இல் ஒல்லாந்தத் திசாவை (மாகாண அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் (தமிழ்த் தலைமைக்காரர்) பார்வையிட்ட அந்த வழமை, சொத்தை முதுசம் (முன்னோரிடமிருந்து வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என மூன்றாகப் பிரிக்கிறது. எனவே காணியை எழுதும் ஒருவர் தனக்கு அது எப்படி வந்தது என்று சொல்லியே தீர வேண்டும்: "என் பேரனார் இன்னாரிடமிருந்து முதுசமாக வந்தும்" என்றோ, "இன்ன திகதிய இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி" என்றோ எழுதுவார். இந்த ஒரு வரியில் இரண்டு தலைமுறை வெளிப்பட்டுவிடும். மணமான பெண் தன் காணியை எழுதும்போது கணவனின் சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்பதால், கலியாணம் எங்கும் பதியப்படாத தம்பதியும் உறுதியில் அருகருகே ஒப்பம் வைத்திருப்பார்கள். நான்கு எல்லைகளில் அயற்காணிக்காரரின் பெயர்கள் வரும். அவர்களிற் பாதிப் பேர் பங்காளிகளாகவே இருப்பர்.

ஓர் உதாரணத்தை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். அம்மாவின் தமக்கையார், என் பெரியம்மா, தன் தகப்பனாருடைய கிணற்றடிக் காணி பறிபோன கதையை எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தவ. அயலவர் ஒருவர் அதை ஒற்றிக்கு எடுத்தாராம். ஒற்றி என்றால் கடனுக்கு வட்டி இல்லை, வட்டிக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவர் காணியின் விளைவை எடுத்துக்கொள்வார். பிறகு அப்புவைக் கள்ளுக் குடிக்கவைத்து அறுதியாக, அதாவது முழு விற்பனையாக, எழுதுவித்துவிட்டாராம். அந்த வீட்டாரோடு எங்களுக்கு மூன்று தலைமுறையாகப் பேச்சில்லை.

2003இல் நான் அந்தக் காணிக்குத் தோம்பு பார்த்தேன். பதிவகத்தில் காணியின் கைமாற்ற வரலாற்றைத் தேடுவதை ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். 1934இல் ஓர் ஒற்றி உறுதி இருந்தது. 1938 வைகாசியில் அறுதி உறுதியும் இருந்தது. அதில் அப்புவின் ஒப்பம் நடுங்காமல், முழுப் பெயராக, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே நின்றது. சாட்சி வைத்த இருவரில் ஒருவர் அவருடைய சொந்த மைத்துனர். பதினொரு நாள் கழித்து, அதே நொத்தாரிசின் அடுத்தடுத்த இலக்கங்களில் ஒன்றாக, ஒரு சீதன உறுதி. அதில் குறித்திருந்த காசுச் சீதனம், அறுதி விலையில் ஒற்றிக் காசைக் கழித்தால் வரும் தொகைக்கு ஏறத்தாழச் சரி. சீதனம் பெற்றவர் பெரியம்மா.

பிரதிகளைக் கொண்டுபோய் அவவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "அப்ப, எனக்குச் சீதனம் எதிலை குடுத்தவர் எண்டு நான் ஒருநாளும் யோசிக்கேல்லைத் தம்பி" என்றா. அடுத்த மாதம் பேரப்பிள்ளைகளுக்கு அதே கள்ளுக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தா.

உறுதியிலும் பொய் உண்டு. விலை குறைத்து எழுதப்படும். பிள்ளையில்லாமல் இறந்தார் என்ற ஒரு வாக்கியத்தால் முதல் தாரத்துப் பிள்ளைகள் மறைக்கப்பட்டிருப்பார்கள். அந்த மறைப்பை உடைக்க வல்லது நீதிமன்ற ஏடு: பாகப்பிரிவினை வழக்கில் வழக்காளி ஒரு வமிசாவளியைத் தாக்கல் செய்ய வேண்டும், எதிராளி அதை மறுத்து வேறொன்று கொடுப்பார், இருவரும் குறுக்கு விசாரணைக்கு உட்படுவர். பகையாளி ஒத்துக்கொண்ட உறவுமுறையைவிடப் பலமான சான்று கிடைப்பது அரிது. உங்கள் குடும்பம் ஒரு காலத்தில் வழக்காடியிருந்தால், ஆராய்ச்சியைப் பொறுத்தவரை அது பாக்கியம் என்றே கொள்ளுங்கள்.

பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. மூத்த மகனுக்குப் பேரனாரின் பெயரை இடும் வழக்கத்தால் கந்தர் மகன் வேலர், வேலர் மகன் கந்தர், அந்தக் கந்தரின் மகன் மறுபடி வேலர் என்று உறுதிகளில் மாறி மாறி வரும். 1860இன் கந்தரையும் 1910இன் கந்தரையும் ஒருவராக எண்ணிவிட்டால் குடும்ப மரத்தில் இரண்டு தலைமுறை காணாமற் போகும். காணிப் பெயரையும் எல்லைகளையும் பரப்பு, குழிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆளைப் பிரித்தறியலாம்.

மறைந்திருக்கும் செலவு பணம் அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்தவர் தோம்பு பார்க்கிறாராம் என்ற செய்தி நீங்கள் பதிவகத்தின் படி இறங்குமுன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். காணியில் இருக்கும் சித்தப்பா, நீங்கள் பங்கு கேட்க வந்ததாகவே எண்ணுவார். முன்கூட்டியே அவரிடம் போய், என்ன தேடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பெரிய குறை ஒன்றும் உண்டு. காணி இருந்தவர்களுக்கே உறுதி இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பிறர் காணியில் குடியிருக்க வைக்கப்பட்ட சமூகங்களின் முன்னோர், உறுதிகளில் பெரும்பாலும் வருவதே இல்லை. அவர்களுடைய குடும்பங்களுக்கு அடுத்த இரண்டு வழிகளும் வாய்மொழியுமே உண்மையான தெரிவுகள்.

## பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள்

இலங்கையில் குடியியல் பதிவு 1867இல் தொடங்கியது. பிறப்பையும் இறப்பையும் பதிதல் 1897இல் கட்டாயமானது. இதன் மேன்மை, காணி உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் இதில் வருவதுதான். பிரதேச செயலகத்தில் பெயரும் அண்ணளவான ஆண்டும் கொடுத்து விண்ணப்பித்தால் தேடித் தருவார்கள். பதிவுகள் இருபிரதியாகப் பேணப்படுவதால் ஓரிடத்தில் இல்லை என்ற பதிலோடு திரும்பிவிடாமல் மற்றப் பிரதி எங்கே என்றும் கேளுங்கள்.

திகதியை நம்புவதில் நிதானம் வேண்டும். பிறப்புப் பதியப்படாதவர்களுக்குப் பிற்காலத்தில் வழங்கப்பட்ட உத்தேச வயதுச் சான்றிதழ் பெயருக்கேற்பவே உத்தேசமானது. இறப்புப் பதிவில் வயது எழுபது, எண்பது என்று முழு எண்ணாக நின்றால், அறிவித்தவர் மதித்துச் சொன்னது என்று கொள்ளலாம். வீட்டில் சாதக ஓலை இருந்தால் பிறந்த நாளுக்கு அதுவே மேலானது. கிரகநிலை பொய் சொன்னால் கலியாணப் பொருத்தம் பிழைத்துவிடும் என்ற பயம் எழுதுவித்தவருக்கு இருந்தது.

விவாகப் பதிவு இல்லாததைக் கொண்டு எதையும் முடிவுகட்ட வேண்டாம். தாலி கட்டிக் கூறை கொடுத்து முடித்த கலியாணம் பதியப்படாமலே செல்லுபடியாகும் என்பதால், முன்னைய தலைமுறைகளில் பலர் பதியவே இல்லை. வெளிநாட்டிலிருந்து ஆவணம் தேடுபவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது; பதிவு காணவில்லை என்றவுடன் பூட்டியார் முறைப்படி முடித்தவரல்லர் என்று முடிவுசெய்து, பிறகு அதுவே குடும்பத்தின் புதிய கதையாகிவிடுகிறது.

## திருச்சபைப் பதிவும் ஒல்லாந்தர் ஆவணமும்

எங்கள் குடும்பம் சைவக் குடும்பம், தேவாலயத்தில் நமக்கென்ன வேலை என்று இந்த வழியைத் தள்ளிவிடுபவர்கள் பலர். 1658 முதல் 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ஒல்லாந்தர் ஆட்சியில் ஞானஸ்நானமும் கலியாணமும் கோவிற்பற்று (தேவாலயப் பிரிவு)ப் பாடசாலைகளோடு சேர்த்தே பதியப்பட்டன. பதவி வேண்டியவர்களும் சொத்துரிமையைக் காக்க வேண்டியவர்களும் பெயரளவிலாவது கிறிஸ்தவர்களாக இருந்தார்கள். ஆதலால் சைவ வீட்டின் முன்னோர் ஒருவர் போர்த்துக்கேயப் பெயரோடு ஓர் ஏட்டில் நிற்பது வியப்பில்லை.

கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஆவணங்கள் இருக்கின்றன. அந்தக் கும்பனியின் ஆவணத் தொகுதியை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. ஆனால் அவை அக்கால டச்சு மொழியில், அக்காலக் கையெழுத்தில் உள்ளவை. வாசிக்கத் தெரிந்தவரின் துணையில்லாமல் மூன்று நாளைச் செலவிடுவது வீண். முதலியார், உடையார் போன்ற பதவி ஒல்லாந்தர் காலத்துக்கு உரியதாகச் சொல்லப்பட்டு, உறுதிகள் வழியாகக் குறைந்தது 1850 வரையாவது உங்கள் வமிசாவளியை நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள் என்றால் மட்டுமே அங்கே போவதில் பயனுண்டு. பதவி பற்றி இன்னொன்று: முதலியார் என்பது உத்தியோகமாகவும் இருந்தது, கௌரவப் பட்டமாகவும் கொடுக்கப்பட்டது. கதை இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

19ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் இதைவிட எளிதில் கைக்கு எட்டும். அமெரிக்க மிசனரிமார் 1816இல் வந்தார்கள். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் 1855 வரை நடந்தது. அங்கே படித்த பிள்ளைகள் பலருக்கு, அவர்களின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயர்கள் இடப்பட்டன. இந்தச் சிறு செய்தி தெரியாததால் எழுந்த கதைகளை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்: பூட்டனாருக்கு வெள்ளைக்காரப் பெயர் இருந்ததாம், ஆகவே எங்கோ வெள்ளை இரத்தம் கலந்திருக்கிறதாம், அதனாலேதான் சின்ன மாமிக்குப் பூனைக்கண்ணாம். அந்தப் பெயர் இரத்தத்தால் வந்ததன்று, உபகாரச் சம்பளத்தால் வந்தது. அந்த மிசனை நடத்திய அமெரிக்கச் சங்கத்தின் ஆவணங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌற்றன் நூலகத்தில் உள்ளன. உள்ளூரில் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைக் குருவானவரின் அனுமதியோடு பார்க்கலாம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதுவே முதல் வழியாக இருக்க வேண்டும்.

இந்த ஆவணங்களில் சாதி எழுதப்பட்டிருக்கும். அதற்கு ஆயத்தமில்லாதவர்கள் இதைத் திறக்காமல் விடலாம். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். தேசவழமைத் தொகுப்பில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. உயர்குடிப் பெருமையைத் தேடிப் போனவர் தம் முன்னோரிடம் விற்கவும் கொடுக்கவும் பட்ட மனிதர்களின் பெயர்களைக் காண்பதும், அந்தப் பெயர்களின் வழித்தோன்றல் ஒருவர் தன் பூட்டியின் பெயரை முதன்முறையாக இன்னொருவரின் சொத்துப் பட்டியலில் காண்பதும் நடக்கக் கூடியவை.

## கல்வெட்டும் பழைய பத்திரிகையும்

அந்தியேட்டிக்கு (இறந்தவருக்கான ஈமச் சடங்குக்கு) அச்சிடும் நினைவு நூலை நாங்கள் கல்வெட்டு என்கிறோம். அதில் வமிசாவளி இருக்கும். ஆனால் பிள்ளைகள் துயரத்தில் எழுதுவித்தது என்பதை நினைவில் வையுங்கள். எல்லாரும் உயர்ந்தோர், எவரும் கடன்படவில்லை, கோபித்துக்கொண்டு போன தம்பி பிறக்கவே இல்லை. புகழ்ச்சியைத் தள்ளிவிட்டுப் பெயர், ஊர், உத்தியோகம், மருமக்கள் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் நல்ல வரைபடம் கிடைக்கும். இறந்த நாளுக்குத் திதி வெண்பா நம்பகமானது, ஏனெனில் வருடாந்தத் திவசம் அதைக் கொண்டே நடக்கிறது. ஆண்டுப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பும் என்பதை மறந்தால் மட்டும் வில்லங்கம்: உருத்திரோற்காரி ஆடி என்றால் அது 1923ஆகவும் இருக்கலாம், 1983ஆகவும் இருக்கலாம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏட்டுச் சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் சாம்பலாயின. இருந்தும், 2005 முதல் இணையத்தில் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களும் பழைய ஏடுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. உதயதாரகைப் பத்திரிகை 1841இல் தொடங்கியது, இந்துசாதனம் 1889இல். மலாயாக் கதைகளுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலகச் சபையின் இணையவழிப் பத்திரிகைக் களஞ்சியத்தில் தேடுங்கள். புகையிரதப் பகுதி உத்தியோகத்தரின் இடமாற்றமும் ஓய்வும் அக்காலத்தில் செய்தியாக வரும். யாழ்ப்பாணப் பெயர்களை வெள்ளைக்காரர் எழுதிய விதம் விதம்விதமாக இருக்கும். ஒரே பெயரை ஐந்தாறு எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். வீட்டை விட்டு அசையாமல், பணமின்றிச் செய்யக் கூடிய ஒரே வழி இது என்பதால், விமானமேறுமுன் இதை முடித்துவிடலாம்.

## மரபணுச் சோதனை

பிள்ளைகள் பிறந்தநாட் பரிசாக வாங்கிக் கொடுப்பது இது. மேலே சொன்ன கதைகளுள் ஏறத்தாழ எதற்கும் இது விடை சொல்லாது. உடையார் பதவியும் ஒற்றிக் காணியும் எச்சிலில் இல்லை.

இது வல்லது ஒரே காரியத்தில்: உயிரோடிருக்கும் இருவர் நெருங்கிய உறவா என்று சொல்வதில். உடன்பிறந்தாரின் பிள்ளைகள் தமக்குள் சராசரி 12.5 சதவீதம் மரபணுவைப் பகிர்வர். அவர்களின் பிள்ளைகள் தமக்குள் ஏறத்தாழ 3 சதவீதம். அதற்கு அடுத்த தலைமுறையில் 1 சதவீதத்துக்கும் குறைவு, பத்தில் ஒரு சோடிக்கு எதுவுமே தென்படாது. யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கும் சரிவராது. மச்சான் மச்சாளை முடிக்கும் வழக்கத்தால் ஒருவரோடு இரண்டு மூன்று வழியில் உறவு இருக்கும். சோதனை நிறுவனத்தின் கணக்கு அதைக் கூட்டி, தூரத்து உறவை நெருங்கிய உறவாகக் காட்டும்.

குடும்பத்தில் போர்த்துக்கேயத் தளபதி ஒருவர் உண்டென்ற கதையை இதனால் அறியலாம் என்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619இல். இடையில் பதினான்கு தலைமுறை எனக் கொண்டால் அவர் உங்கள் 16,384 முன்னோரில் ஒருவர். அவருடைய மரபணுவில் ஒரு துண்டுகூட உங்களிடம் எஞ்சியிராமற் போகவே வாய்ப்பு அதிகம். தந்தைவழிக் குரோமோசோம் ஒன்றே விதிவிலக்கு. அதுவும் கதை ஆண்வழியில் இடையறாது வந்திருந்தால்தான். முடிவுத் தாளில் வரும் இனச் சதவீதங்களை, வரைபடத்தோடு எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த விடயத்தில் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

இதன் மறைசெலவு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது. அப்பா அப்பாவல்லர் என்று ஒரு தாள் சொல்லிவிட்டால், உறுதியைப் போல மடித்துப் பெட்டியில் வைக்க முடியாது. நீங்கள் ஒருவர் கொடுத்தால் உங்கள் சகோதரங்களின் மரபணுவிலும் பாதியைக் கொடுத்தவராகிறீர்கள், அவர்களைக் கேட்டீர்களா? அமெரிக்க நிறுவனம் ஒன்றிலிருந்து 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரங்கள் களவுபோயின. அதே நிறுவனம் 2025இல் வங்குறோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

ஆயினும் ஒரு சூழலில் இதற்கு ஈடில்லை. போரிலும் இடப்பெயர்விலும் பெற்றோரைப் பிரிந்து, வேறு வீட்டில் அல்லது வேறு நாட்டில் வளர்ந்து, காணியும் பெயரும் பதிவும் எதுவுமற்ற ஒருவருக்கு மேற்சொன்ன எந்த ஆவணமும் கதவைத் திறக்காது. அவருக்கு இதுவே முதலும் பல வேளைகளில் ஒரே வழியும் ஆகும்.

## எந்தக் கதைக்கு எது

இழந்த காணி, சீதனம், பங்காளிப் பகை, இரண்டாந் தாரம் ஆகியவற்றுக்கு உறுதியும் வழக்கு ஏடும். மலாயா, அரசாங்க உத்தியோகம் என்றால் பத்திரிகைக் களஞ்சியம், அதன் பின் அக்கால உறுதிகள். மலாயாவில் இருந்துகொண்டு அற்றோனித் தத்துவம் (தனக்காகக் காரியம் செய்ய இன்னொருவருக்கு எழுத்தில் கொடுக்கும் அதிகாரம்) மூலம் ஊரில் காணி வாங்கியிருந்தால் அவருடைய தொழிலும் வதிவிடமும் அதில் எழுதப்பட்டிருக்கும். மதமும் பெயரும் மாறிய கதைக்குத் திருச்சபைப் பதிவு. காணியில்லாத குடும்பத்துக்கு இறப்புப் பதிவிலிருந்து தொடங்கி, அதில் வரும் தாய் தகப்பன் பெயரைக் கொண்டு மேலே ஏறுவது.

சோழ நாட்டிலிருந்தும் பாண்டி நாட்டிலிருந்தும் வந்து இன்ன ஊரில் குடியேறிய கதைக்கு இவற்றில் எதுவும் எட்டாது. அந்தக் குடியேற்றங்களை ஊர் ஊராகச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலையே 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் கேள்வியின் பேரில் எழுதப்பட்டது. அதிலுள்ள பெயர் ஒன்றிலிருந்து உங்கள் 1850இன் வேலருக்கு வந்து சேர இடையில் பாலம் இல்லை. வேண்டுமானால் அந்தக் கதையைக் கதையாகவே எழுதி வைக்கலாம். அதற்காக ஒரு நாளையும் செலவிட வேண்டாம்.

மூன்று கிழமைக்கு வரும் ஒருவருக்கு நான் சொல்வது இது: புறப்படுமுன் இணையத்தில் கல்வெட்டும் பத்திரிகையும், வந்த முதல் இரண்டு நாள் மூத்தோர், பிறகு பெட்டி, பெட்டியிற் கிடைத்த இலக்கங்களோடு பதிவகம், எஞ்சிய நாளில் பிரதேச செயலகம். கொழும்பும் மரபணுவும் அடுத்த பயணத்துக்கு.

பெட்டியைத் திறக்கும் நாளில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். உறுதியை ஒரேயடியாக விரித்து அழுத்தினால் மடிப்பில் முறியும். மேசையில் பழைய வேட்டி ஒன்றைப் போட்டு, தானாக எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவில் படம் எடுங்கள். முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பதிவகத்தில் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்ற இலக்கத்தைப் பின்பக்கத்தில், பெரும்பாலும் முத்திரைக்குக் கீழே மங்கிய மையில் எழுதியிருப்பார்கள். அது இல்லாமல் போனால் தேடித்தருபவர் காணிப் பெயரைக் கேட்பார், அதே பெயரில் உங்கள் ஊரிலேயே நாற்பது காணி இருக்கும்.